சவுதி போகாத அப்பா

“நான் ரெய்னெல். வயசு இருபத்துநாலு. இப்ப இருக்கறது பத்தாங்காஸ்ல, நம்ம வீட்டுக் குளியலறையில, கதவைச் சாத்திக்கிட்டு. அக்கா, சத்தமாப் பேச முடியாது. காதுகிட்ட வச்சுக் கேளு.”

போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கிசுகிசுத்தான் ரெய்னெல். தைவான் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்த ஏஜென்சிக்காரர்கள் பழக்கிவிட்ட பழக்கம் இது. எதைக் கேட்டாலும் முதலில் பெயர், வயது, இருக்கும் இடம். அதிலிருந்து பயம் வந்தாலே இந்த மூன்றும் அவன் வாயில் வந்து விழும். ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் அக்கா மரிவிக்குக்கு முந்தாநாளிலிருந்து அவன் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாமே இப்படித்தான் ஆரம்பித்தன.

“அம்மா பண்ணின கூத்தைக் கேளு. ஆறு வருஷமா தெருப்பூரா ‘எங்க வீட்டுக்காரர் சவுதில டிரைவர்’னு சொல்லி வச்சாச்சு. அப்பா ஜெயில்லருந்து வெளிய வர்றதும் நான் லீவுல வர்றதும் ஒரே சமயமா அமைஞ்சுதா, அம்மா மூளையில பல்பு எரிஞ்சிருச்சு. அப்பாவை நேரா ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, என் பெட்டியை அவர் கையில குடுத்து, ரெண்டு பேரையும் ஒரே வேன்ல ஏத்திட்டாங்க. தெருவே நின்னு கை தட்டுச்சு அக்கா, அப்பாவுக்கு. நிஜமா வெளிநாட்டுலருந்து வந்தவன் நான். என்னை ஒரு நாய்கூட மோந்து பாக்கல.”

மூச்சு வாங்கிக்கொண்டான்.

“இன்னிக்கு மாப்பிள்ளை டென்மார்க்கோட வீட்டுக்காரங்க முறையா நம்ம ஜெனலினைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்க யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிஞ்சா கல்யாணம் நின்னு போயிடும். நீ வேண்டிக்கோ.”

அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தான். வெளியே துண்டும் கையுமாக அப்பா கிரிசாந்தோ நின்றுகொண்டிருந்தார்.

“எவ்ளோ நேரமா நிக்கறீங்க? ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?”

“இப்பத்தான் வந்தேன்.” ரெய்னெல் விலகி வழிவிட்ட பிறகும் அவர் நகரவில்லை. “போகட்டுமா?”

“அப்பா, இது உங்க வீடு. கேக்காமப் போங்க.”

அவர் வெட்கமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். ரெய்னெல்தான் சாத்தினான்.

சமையலறையில் அம்மா ஃபெலிசிதாஸ் ஆட்டுக்கறிக் குழம்பைக் கிண்டியபடி படைக்குத் தளபதி போல உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் மணப்பெண் ஜெனலின் கையை நீட்டி உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டு வேனா அவளுக்கு நகம் தீட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் நகத்துக்கு வேனாதான்.

மூலையில் ரெய்னெல் தைவானிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டி. அதன் மேலிருந்த தைவான் முகவரியின் மீது அம்மா ஒரு மாதா படத்தை ஒட்டியிருந்தாள்.

வேனா அதிலிருந்து ஒரு அன்னாசிக் கேக்கை எடுத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏங்க ஃபெலிம்மா, சவுதில சீன எழுத்திலயா எழுதறாங்க?”

“இப்பல்லாம் அங்க பூரா சீனாக்காரன் கடைதான்.”

“அன்னாசி பாலைவனத்துல விளையுதாக்கும்?”

“சொட்டுநீர் போட்டு விளைய வைக்கறாங்க. நீ நகத்தைப் பாத்து வேலை பண்ணுடி.”

வேனா சிரிப்பைக் கேக்கோடு சேர்த்து மென்றாள். ஜெனலின் சிரிக்கவில்லை. வேனா கை கழுவப் போனதும் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நானே சொல்லிடறேன்.”

“சொல்லு. மாப்பிள்ளையோட அம்மா சொலெதாத் அடுத்த படகைப் பிடிச்சு மிந்தோரோ தீவுக்கே திரும்பிப் போயிடும். நீ ஆயுசுக்கும் துறைமுகத்துல காப்பி ஆத்திக்கிட்டு இரு.” அம்மா கரண்டியை ஆட்டினாள். “இன்னிக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கோ. கல்யாணம் முடிஞ்சதும் வேணும்னா உங்கப்பனை நிஜமாவே சவுதிக்கு அனுப்பி வைக்கறேன்.”

பகல் சாப்பாட்டு வேளைக்கு முன்பே அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மீன் ஏலம் எடுக்கும் சொலெதாத் அம்மாளின் குரல், தெரு திரும்புவதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்னால், வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசிப் பலகாரங்களை இரண்டு கூடைகளில் சுமந்தபடி மாப்பிள்ளை. அவன் பிறந்தபோது அவன் அப்பா வேலை பார்த்த கப்பல் நின்றிருந்த நாட்டின் பெயரையே வைத்துவிட்டதால் அவன் டென்மார்க். படகில் டிக்கெட் கிழிக்கிறவன். துறைமுகத்துக் காப்பிக் கடையில் ஜெனலினைப் பார்த்த நாளிலிருந்து காப்பியாகக் குடித்துத் தூக்கம் கெட்டவன்.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். வழுக்கைத் தலை, தங்கப் பல்.

“இது எங்கண்ணன் அமாதோ,” என்றாள் சொலெதாத். “பதினோரு வருஷம் சவுதில இருந்தவன். சம்பந்தியும் சவுதின்னு கேட்டதும், நானும் வர்றேன்னு தொத்திக்கிட்டான்.”

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

டென்மார்க் மரியாதைக்காகப் பெரியவர்களின் கையை ஒவ்வொன்றாக வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். கிரிசாந்தோவின் கையை மட்டும் இரண்டு தடவை ஒற்றினான். பதற்றம்.

சாப்பாடு ஆரம்பித்தது. அமாதோவும் ஆரம்பித்தார்.

“சம்பந்தி, ரியாத்துல எங்க?”

“எல்லா இடமும்தான். டிரைவர் வேலையாச்சே.” கிரிசாந்தோ தட்டைப் பார்த்தே பேசினார்.

“வெயில் கொன்னுருக்குமே?”

“பெரும்பாலும் உள்ளயேதான் வச்சிருந்தாங்க.”

“சாப்பாடு?”

“மணியடிச்சாச் சோறு.”

“பரவால்லையே, பெரிய கம்பெனி போல! முதலாளி எப்படி?”

“கண்டிப்பு. கதவைப் பூட்டிட்டுத்தான் போவார்.”

ரெய்னெலுக்கு இருமல் வந்தது. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. அவர் உள்ளதை உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவைகூட ஊருக்கு விடலையா?” என்று கேட்டாள் சொலெதாத். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“விடல. ஞாயித்துக்கிழமை ஆனா பாக்கறதுக்கு மட்டும் யாராச்சும் வருவாங்க.”

அமாதோவின் கரண்டி நின்றது. “ஞாயித்துக்கிழமையா? சவுதில ஞாயிறு வேலை நாளாச்சே?”



“அவருக்கு இன்னும் பயணக் களைப்புத் தீரல,” என்று அம்மா பாய்ந்து வந்து அமாதோவின் தட்டில் மூன்று துண்டு கறியைப் போட்டாள். “எலும்பைக் கடிச்சுப் பாருங்க. வாய்க்கு வேலை வேணும்ல?”

சொலெதாத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கேள்வி கேட்டு அவரை நோகடிக்காதண்ணே. குடும்பத்துக்காகப் பூட்டின கதவுக்குள்ள ஆறு வருஷம்! இந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க, எங்க ஊர் ஐஸ் கிடங்கு பூட்டை உடைச்ச கழுதைங்களும் இருக்காங்க. ஒரு ராத்திரில மொத்த மீனும் போச்சு. அந்த ஜென்மங்களை வெளியவே விடக் கூடாது, உள்ளயே மக்கட்டும்னு நான் சொல்லுவேன்.”

கிரிசாந்தோ கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். ஜெனலினின் முகம் வெளுத்தது. “குழம்பு பாத்துட்டு வர்றேன்,” என்று எழுந்து அப்பா கொல்லைப்புறம் போனார்.

அமாதோவும் எழுந்தார். “நான் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வர்றேன்.”

ரெய்னெலும் எழுந்தான். அவர் பின்னாலேயே ஓடினான்.

கொல்லையில் அப்பா ஒரு கல்லின் மேல் குந்தியிருந்தார். அமாதோ சிகரெட்டைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, அதை அப்பாவிடம் நீட்டினார்.

“சம்பந்தி, நீங்க சவுதியைப் படத்துலகூடப் பாத்ததில்ல.”

ரெய்னெல்தான் உளறினான். “மாமா, அது வந்து... ரியாத் இப்ப ரொம்ப மாறிப்போச்சு...”

“நீ சும்மா இருப்பா. ஞாயித்துக்கிழமையை விடு. அவர் சாப்பிடறதைப் பாத்தியா? இடது கையைத் தட்டைச் சுத்தி வேலி மாதிரிப் போட்டுக்கிட்டுச் சாப்பிடறார். நான் ஊருக்கு வந்த புதுசுல அப்படித்தான் சாப்பிட்டேன். ‘யாரும் பிடுங்கிட மாட்டாங்க, கையை எடுய்யா’ன்னு எம் பொண்டாட்டி சொல்லிச் சொல்லி மாத்தினா.”

அப்பா தலை நிமிர்ந்தார். “நீங்க...?”

அமாதோ சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “கிறிஸ்துமஸ் வந்துச்சு. தொண்டை காஞ்சு கிடந்துச்சு. பேரீச்சம்பழமும் ஈஸ்ட்டும் போட்டு ஒரு பீப்பா ஊறப் போட்டேன். அது வெடிச்சுத் தொலைஞ்சுது. போலீசு வழி கேக்கவே இல்ல, வாசனையைப் பிடிச்சே வந்துட்டான். ஒரு வருஷத்துக்கு மேல உள்ள. வீட்டுக்குக் காண்ட்ராக்டை நீட்டிட்டாங்கன்னு சேதி அனுப்பினேன். எந் தங்கச்சிக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது.

“என்ன சம்பந்தி?”

“அப்ப நீங்க என்னைவிட ஒசத்தி,” என்றார் அப்பா. “நான் உள்ளூர் ஜெயில். நீங்க வெளிநாட்டு ஜெயில்!”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா வந்ததிலிருந்து சிரித்து ரெய்னெல் கேட்பது இதுதான் முதல் தடவை. பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு அந்தச் சத்தம் இனித்தது.

“நான் காட்டிக் குடுக்க மாட்டேன்,” என்றார் அமாதோ. “வாங்க, போய்ச் சாப்பிடுவோம்.”

அப்பா எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

உள்ளே சொலெதாத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். டென்மார்க்கை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, சட்டைக் காலரைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தாள்.

“கிரிசாந்தோ சம்பந்தி. முறைன்னு ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கேக்க வந்திருக்கோம். பொண்ணோட அப்பா வாயால வர்ற வார்த்தைதான் எனக்கு வேணும். ஃபெலி ‘நானே சொல்லிடறேன்’னாங்க. நான்தான், அவர் சவுதிலருந்து வரட்டும், காத்திருக்கலாம்னேன். இப்ப சொல்லுங்க.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஜெனலினைப் பார்த்தார்.

“சரின்னு சொல்லத்தான் ஆசை. ஆனா அதுக்கு முன்னாடி...”

“கறி ஆறுது, கிரிசாந்தோ,” என்றாள் அம்மா.

“ஆறட்டும் ஃபெலி. நான் சவுதி போகல சம்பந்தி. ஜெயில்ல இருந்தேன். கரண்டுக் கம்பத்துலருந்து செம்புக் கம்பி திருடின கூட்டத்துக்கு லாரி ஓட்டினேன். லாரியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டினேன். இப்பவும் முழுசா விடல, பரோல்ல வந்திருக்கேன்.”

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அமாதோ கூரையைப் பார்த்தார்.

முதலில் வாய் திறந்தவன் டென்மார்க். “அப்போ... அந்த அன்னாசிக் கேக்கு?”

“அது என்னுது,” என்றான் ரெய்னெல். “நான் தைவான்ல இருக்கேன்.”

“நல்லா இருந்துச்சு.”

“நன்றி.”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க!” சொலெதாத்தின் குரலில் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. அவள் கிரிசாந்தோவின் முன்னால் போய் நின்றாள். “கொஞ்சம் முன்னாடி ஐஸ் கிடங்கைப் பத்தி நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?”

“நீங்க சொன்னதுல என்ன தப்பு? எங்களால ஒரு ஊர்ல பல நாள் கரண்ட் இல்ல. ஐஸ் உருகி மீனெல்லாம் அழுகிப்போச்சுன்னு கோர்ட்டுல ஒருத்தர் வந்து சொன்னார். சொல்லும்போது அழுதார். அந்தப் பேச்சு வந்தப்பல்லாம் அவர் மொகந்தான் எனக்கு முன்னால வருது.”

“எவ்வளவு மீனு?”

“தெரியாது.”

“தெரிஞ்சு வச்சுக்கணும்,” என்றாள் சொலெதாத். “மீன்காரனுக்கு அது ரத்தம்.”

“சரி சம்பந்தி. போய்க் கேக்கறேன்.”

அவள் ஜெனலின் பக்கம் திரும்பினாள். “உனக்கு எல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“போய்ப் பாத்தியா?”

“மாசாமாசம். ஞாயித்துக்கிழமை. தெருவுல கேட்டா, கோயில் கொயர்ல பாடப் போறேன்னு சொல்லுவேன்.”

“ஆறு வருஷமா?”

“ஆமா.”

“உனக்குப் பாட வருமா?”

ஜெனலின் உதட்டைக் கடித்தாள். “சுத்தமா வராது.”

சொலெதாத்தின் தாடை ஆடியது. அழப்போகிறாள் என்று ரெய்னெல் நினைத்தான். வந்தது சிரிப்பு. மீன் சந்தையையே நிமிரவைக்கும் சிரிப்பு.

“ஃபெலி, எனக்குக் கோபம் போகல. அந்த லாரி மேல கோபம். பொய் மேல அதைவிடக் கோபம். ஆனா அப்பனைப் பாக்க ஆறு வருஷம் பாடகின்னு வேஷம் போட்ட பொண்ணை விட்டுட்டுப் படகேற எனக்கென்ன பைத்தியமா? எம் பையன் மழை பேஞ்சாக் கடைவரைக்கும் போக மாட்டான். இவனுக்கு இவதான் வேணும்.”

“அம்மா!” என்றான் டென்மார்க்.

“ஒரு நிபந்தனை,” என்று விரலை உயர்த்தினாள். “கல்யாணம் மிந்தோரோல, எங்க ஊர்க் கோயில்ல. பொண்ணு கையைப் பிடிச்சு இவர்தான் கூட்டிட்டு வரணும். ஊர்ல எவளாவது கேட்டா நான் சொல்லிக்கறேன், ‘ஜெயில்ல இருந்தாரு, வந்துட்டாரு, உனக்கென்னடி’ன்னு. இவர் வரலைன்னா நான் என்ன சொல்றது? மறுபடியும் சவுதின்னா?”

“சரி,” என்றார் கிரிசாந்தோ. பெண்ணைக் கொடுக்கும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அப்படித்தான், ஒரே எழுத்துப் போல, வந்தது. ஜெனலின் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புதுச் சாயம் பூசிய நகங்கள் அவர் வெள்ளைச் சட்டையில் அழுந்தின.

“அண்ணே,” என்றாள் சொலெதாத் திடீரென்று. “உனக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“கறியில காரம்,” என்றார் அமாதோ.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. வாடகைக்கு எடுத்த கரோக்கே பாட்டுப் பெட்டியை டென்மார்க் திருகினான். சொலெதாத் பாடினாள். அமாதோ பாடினார். எல்லோரும் கட்டாயப்படுத்த ஜெனலின் ஒரு பாட்டுப் பாடி, தனக்குப் பாட வராது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாள். கடைசியில் அப்பா மைக்கை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் கேட்காமல், அடுத்தடுத்து இரண்டு பாட்டு.

இரண்டாவது முடிந்ததும் அவர் ரெய்னெலைப் பக்கத்தில் இழுத்தார்.

“ஒரு சிக்கல் இருக்குடா. மாகாணத்தை விட்டு வெளிய போகணும்னா பரோல் அதிகாரி அனுமதி வேணும். அக்கம்பக்கத்துல பத்து பேர் கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாராம். நான் எங்கருந்து வந்தவன்னு தெரிஞ்சு போடணும்.”

அம்மா காதில் அது விழுந்துவிட்டது. “பத்து பேருக்கா? இந்தத் தெருவுல ஒரு குருவிக்குக்கூடத் தெரியாதே! ஆறு வருஷம் காப்பாத்தினேனே!”

ரெய்னெல் காற்றுக்காக வாசலுக்கு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் வேனா நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்ல இன்னிக்கு யாரும் கிசுகிசுக்கல. எல்லாரும் கத்தறீங்க. கேக்கவே நல்லாருக்கு.”

“உனக்குத் தெரியுமா வேனா? அப்பா விஷயம்?”

“எனக்குத் தெரியும். மத்தவங்களைப் பத்தி நான் எப்படிச் சொல்ல?” அவள் வேலிக் கம்பியைச் சுரண்டினாள். “ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஆஸ்பத்திரில கிடந்தேனே. தெருவுல என்ன சொன்னாங்க?”

“மீன் விஷமாயிடுச்சுன்னு.”

“என் உயிரை நானே எடுக்கப் பாத்தது அது. எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தப்போ வீட்டு வாசல்ல வரிசையாக் கஞ்சிப் பானை. ஒரு வாரம் நாங்க அடுப்பே பத்த வைக்கல. நல்லவங்கதான், குத்தம் சொல்லல. ஆனா ஒருத்தர்கூட ‘என்னடி ஆச்சு உனக்கு’ன்னு கேக்கல. உங்கக்கா மட்டும்தான் ஹாங்காங்லருந்து போன் பண்ணிக் கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“அழுதேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.” அவள் சிரித்தாள். “இப்பப் பாரு, ஊருக்கே நகம் தீட்டிக்கிட்டுத் திரியறேன். சொல்லிப் பாரு ரெய்னெல். கேக்கறவங்க கேக்கட்டும்.”

அவன் போனில் தெருக்காரர்களின் குழுவைத் திறந்தான். தண்ணீர் வரும் நேரமும் காணாமல் போன சேவலும் மட்டுமே பேசப்படும் குழு. எழுத்து எழுத்தாகத் தட்டப் பொறுமை இல்லை. மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசினான். அவன் பேசப் பேசத் திரையில் எழுத்துகள் ஓடின.

ஒரு தடவை படித்துப் பார்த்தான். உள்ளே அம்மா பாட ஆரம்பித்திருந்தாள். அழுகையா பாட்டா என்று தெரியவில்லை, ஆனால் தாளத்தோடு இருந்தது. ரெய்னெல் அனுப்பிவிட்டான்.

“தெருவுல எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா கிரிசாந்தோ சவுதிக்குப் போகல. ஆறு வருஷம் ஜெயில்ல இருந்தார். தப்புப் பண்ணினார், உள்ள இருந்தார், வெளிய வந்துட்டார். ஜெனலின் கல்யாணம் மிந்தோரோல. அப்பா கடல் தாண்டிப் போக அனுமதி வேணும், அதுக்கு நீங்க பத்து பேர் கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. என்ன கேக்கணுமோ அவர்கிட்டயே கேளுங்க, அவர் சொல்லுவார். இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு ஒரு பேனா எடுத்துட்டு வாங்க. எங்க வீட்ல இருக்கறது எழுத மாட்டேங்குது.”